கோப்பையும் அட்டையும்: குளிர்பானத்தோடு நியூயார்க் நடத்திய இரண்டு போராட்டங்கள்

ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் பதின்மூன்று டீஸ்பூன் சர்க்கரையை உங்கள் கண்முன்னே அள்ளிப் போட்டுக் கலக்கிக் கொடுத்தால் குடிப்பீர்களா? பெரும்பாலானவர்கள் முகத்தைச் சுளித்துத் தள்ளி வைத்துவிடுவார்கள். 16 அவுன்ஸ் கோலாவில் இருப்பது ஏறக்குறைய அவ்வளவு சர்க்கரைதான், சுமார் 52 கிராம். ஐஸின் குளிர்ச்சி, புளிப்பு, நாக்கில் குத்தும் வாயு எல்லாம் சேர்ந்து அந்த இனிப்பை மறைத்துவிடுகின்றன. அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவான அந்த அளவைத் தாண்டி ஒரே கோப்பையில் விற்கக் கூடாது என்று 2012இல் நியூயார்க் நகரம் ஒரு விதி போட்டது. அந்த விதி ஒரு நாள்கூட நடைமுறைக்கு வரவில்லை.

கோப்பை விவகாரம் உலகம் முழுக்கத் தெரிந்ததுதான். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அதே நகரம் அதே குளிர்பானத்தை வேறொரு வழியில் பிடிக்கப் பார்த்தது என்பது அவ்வளவாக நினைவில் நிற்கவில்லை. அந்த முறை குறி வைக்கப்பட்டது கோப்பை அல்ல. அரசு தரும் உணவு உதவியில் வாழ்பவர்கள் கையில் இருந்த அட்டை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கெட்ட உணவுக்கு யார் பொறுப்பு என்ற பழைய சண்டையில் உண்மையில் எதைப் பற்றி அடித்துக்கொள்கிறோம் என்பது கொஞ்சம் தெளிவாகிறது. எனக்கு இதில் ஒரு பக்கச் சாய்வு உண்டு, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனிதர்களுக்குத் தங்கள் தட்டின் மீது பொறுப்பு உண்டு என்று முழுமனதாக நம்புகிறேன். ஆனால் அந்தப் பொறுப்பை நாம் எல்லோரிடமும் ஒரே மாதிரி கேட்பதில்லை என்பதும் இந்த நிகழ்வைப் படிக்கப் படிக்க உறுதியாகிக்கொண்டே வந்தது.

முதலில் அட்டை

அமெரிக்காவில் ஏழைக் குடும்பங்களுக்கான உணவு உதவித் திட்டம் 1964ஆம் ஆண்டுச் சட்டத்தில் நிலைபெற்றது. தொடக்கத்தில் காகிதக் கூப்பன், பின்னாளில் வங்கி அட்டை போன்ற ஒரு பிளாஸ்டிக் அட்டை. 2008இல் திட்டத்தின் பெயரை ஸ்நாப், அதாவது 'துணை ஊட்டச்சத்து உதவித் திட்டம்' என்று மாற்றினார்கள். பெயர் மாறியபோது 'ஊட்டச்சத்து' என்ற சொல் உள்ளே வந்தது. இந்தச் சொல்லைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அட்டையில் எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்பதற்கு ஏற்கெனவே ஒரு பட்டியல் உண்டு. மது, புகையிலை, வைட்டமின் மாத்திரை, சோப்பு, காகிதப் பொருட்கள், வளர்ப்புப் பிராணிகளுக்கான உணவு இவற்றுக்கெல்லாம் அட்டை செல்லாது. சூடாகச் சமைத்து விற்கும் உணவுக்கும் செல்லாது. கடையில் சுட்ட கோழி சூட்டுப் பெட்டிக்குள் இருந்தால் வாங்க முடியாது, அதே கோழி ஆறிப்போய்க் குளிர்பெட்டிக்கு வந்துவிட்டால் வாங்கலாம். சமைக்க அடுப்பில்லாதவருக்கு இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் குளிர்பானத்துக்கு அப்போது நாட்டில் எங்கும் தடை இருக்கவில்லை. 1964இலேயே அதை விலக்க வேண்டும் என்ற பேச்சு எழுந்தது, சட்டத்தில் இடம்பெறவில்லை. 2004இல் மின்னசோட்டா மாநிலம் மிட்டாயையும் குளிர்பானத்தையும் விலக்க அனுமதி கேட்டது. திட்டத்தை நடத்தும் மத்திய வேளாண் துறை மறுத்துவிட்டது.

இந்தப் பின்னணியில்தான் 2010 அக்டோபரில் நகர மேயர் மைக்கேல் புளூம்பெர்க்கும் மாநில ஆளுநர் டேவிட் பேட்டர்சனும் வேளாண் துறையிடம் ஒரு கோரிக்கை வைத்தார்கள். நியூயார்க் நகரத்தில் மட்டும், இரண்டு ஆண்டுகளுக்கு மட்டும், சர்க்கரைக் குளிர்பானங்களை அட்டையில் வாங்க முடியாதபடி செய்து பார்ப்போம் என்றார்கள். எட்டு அவுன்ஸுக்குப் பத்து கலோரிக்கு மேல் இருந்தால் தடை. சர்க்கரை சேர்க்காத பழச்சாறுக்கும் பாலுக்கும் விலக்கு. அப்போது நகரத்தில் சுமார் 17 லட்சம் பேர் அந்த உதவியைப் பெற்றுக்கொண்டிருந்தார்கள். ஆண்டுக்கு ஏழரை கோடியிலிருந்து பதின்மூன்றரை கோடி டாலர் வரை உதவிப் பணம் குளிர்பானத்துக்குப் போகிறது என்பது நகர நிர்வாகத்தின் கணக்கு.

அவர்கள் தரப்பு வாதம் எளிமையானது, வலுவானதும்கூட. அரசு ஒரு கையால் ஊட்டச்சத்துக்கென்று பணம் கொடுக்கிறது. அதே பணத்தில் ஒரு பகுதி நீரிழிவுக்கு வழி போடுகிறது. பிறகு அந்த நோய்க்கு வைத்தியம் பார்க்க அரசே மறுபடியும் பணம் கொடுக்கிறது. ஒருவர் தன் சொந்தக் காசில் குளிர்பானம் வாங்குவதை யாரும் தடுக்கவில்லை. பொதுப்பணத்தில் வேண்டாம் என்பதுதான் கோரிக்கை. இதைக் கேட்ட உடனே தலையாட்டத் தோன்றும். எனக்கும் தோன்றியது.

எதிர்த்தவர்கள் இரண்டு கூட்டம். வழக்கமாக ஒரே மேடையில் நிற்காதவர்கள். ஒன்று, குளிர்பான நிறுவனங்கள். அவர்கள் ஏன் எதிர்த்தார்கள் என்று விளக்கத் தேவையில்லை. இன்னொன்று, பசி ஒழிப்புக்காக உழைக்கும் அமைப்புகள். ஏழை என்பதற்காக ஒருவருக்குத் தன் சாப்பாட்டைத் தானே தேர்ந்தெடுக்கத் தெரியாது என்று சட்டம் போட்டுச் சொல்லாதீர்கள் என்பது அவர்கள் வாதம்.

இந்த வாதத்தின் கனம் புரிய, பில் போடும் இடத்தில் நடப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். பொருட்கள் ஒவ்வொன்றாக நகரும் பட்டையில் வருகின்றன. பில் போடுபவர் பார்கோடைக் காட்டக் காட்ட இயந்திரம் கூவுகிறது. அட்டையைத் தேய்த்து ரகசிய எண்ணை அழுத்தியதும், செல்லுபடியாகும் பொருட்களின் தொகை தானாகக் கழிகிறது, செல்லாதவற்றின் தொகை மட்டும் திரையில் மீதியாக நிற்கிறது. "இன்னும் இவ்வளவு கொடுக்கணும்" என்கிறார் பில் போடுபவர். வாங்க வந்தவர் பையைத் துழாவுகிறார். பணம் போதவில்லை. எதை எடுத்து வைப்பது என்று குழந்தையைப் பார்க்கிறார். ரத்து செய்ய மேற்பார்வையாளர் சாவியோடு வர வேண்டும். பின்னால் வரிசை நிற்கிறது. யாரும் ஒன்றும் சொல்வதில்லை, ஆனால் எல்லோரும் பார்க்கிறார்கள். பின்னால் நிற்பவரின் கூடையிலும் அதே குளிர்பானப் பாட்டில் இருக்கலாம். அவரிடம் யாரும் கணக்குக் கேட்கப் போவதில்லை.

2011 ஆகஸ்டில் வேளாண் துறை கோரிக்கையை நிராகரித்தது. இவ்வளவு பெரிய நகரத்தில் இது சிக்கலான ஏற்பாடு, கடைக்காரர்களுக்குச் சுமை, குளிர்பானம் வாங்குவது குறைந்ததா, அதனால் உடல் பருமன் குறைந்ததா என்று அளந்து சொல்ல முடியாது என்றது. தடுப்பதைவிட நல்ல உணவுக்கு ஊக்கத்தொகை கொடுப்பதே தங்கள் வழி என்றும் சொன்னது. அட்டைப் போராட்டம் அத்தோடு முடிந்தது. அப்போதைக்கு.

பிறகு கோப்பை

ஏழையிடம் போக முடியாது என்று ஆனதும் நகரம் விற்பவரிடம் போனது. 2012 மே மாத இறுதியில் அறிவிப்பு வந்தது. செப்டம்பர் 13 அன்று நகரச் சுகாதார வாரியம் நிறைவேற்றியது. எட்டுப் பேர் ஆதரவு, எதிர்ப்பு யாருமில்லை, ஒருவர் மட்டும் வாக்களிக்கவில்லை. உணவகம், திரையரங்கு, விளையாட்டு அரங்கம், தள்ளுவண்டி எதிலும் 16 அவுன்ஸுக்கு மேற்பட்ட கோப்பையிலோ பாட்டிலிலோ சர்க்கரைக் குளிர்பானம் விற்கக் கூடாது. மீறினால் 200 டாலர் அபராதம்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குடிப்பவருக்கு எந்தத் தடையும் இல்லை. இரண்டு கோப்பை வாங்கலாம், காலியானதும் மறுபடி நிரப்பிக்கொள்ளலாம். வேண்டும் என்றால் ஒரு காலன்கூடக் குடிக்கலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் வேண்டும் என்று நினைத்து எழுந்து போக வேண்டும். தனிமனிதப் பொறுப்பு என்ற சொல்லுக்கு நான் பார்த்த வரையில் இவ்வளவு மரியாதை கொடுத்த விதி வேறில்லை. பெரிய கோப்பை உங்களுக்காக முடிவெடுத்துவிடுகிறது, சின்னக் கோப்பை முடிவை உங்களிடமே விட்டுவிடுகிறது.

பெரிய அளவு நமக்காக முடிவெடுக்கிறது என்று சும்மா சொல்லவில்லை. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்பரா ரோல்ஸ் குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே உணவை வெவ்வேறு நாட்களில் வெவ்வேறு அளவுகளில் பரிமாறினார்கள். மிகப் பெரிய அளவு முன்னால் வந்த நாளில், மிகச் சிறிய அளவு வந்த நாளைவிட 30% அதிகமாகச் சாப்பிட்டார்கள். பசி கூடவில்லை, தட்டில் இருந்தது கூடியது. அளவு மாறியதைப் பாதிப் பேருக்கு மேல் கவனிக்கவே இல்லை. கவனிக்காத ஒன்றுக்கு ஒருவரை எப்படிப் பொறுப்பாக்குவது? மெக்டொனால்ட்ஸ் 1955இல் விற்ற குளிர்பானக் கோப்பை 7 அவுன்ஸ். 2012 வாக்கில் அங்கே சிறுவர்களுக்கான கோப்பையே 12 அவுன்ஸ். இடைப்பட்ட காலத்தில் மனிதர்களின் தாகம் இரட்டிப்பாகிவிடவில்லை.

சரி, விதியில் ஓட்டை இல்லையா என்றால், நிறைய இருந்தது. சுகாதாரத் துறையின் கீழ் வரும் கடைகளுக்கு மட்டும்தான் அதைப் போட முடிந்தது. பல்பொருள் அங்காடிகளும் சிறு மளிகைக் கடைகளும் மாநில அரசின் பார்வையில் இருந்ததால் அங்கே ஒன்றும் மாறாது. திரையரங்கில் 20 அவுன்ஸ் விற்கக் கூடாது, அடுத்த கட்டடத்துக் கடையில் 32 அவுன்ஸ் வாங்கலாம். பாதிக்கு மேல் பால் கலந்த பானங்களுக்கு விலக்கு, அவற்றில் எவ்வளவு சர்க்கரை இருந்தாலும். இப்படி ஒரு விதியைக் கையில் வைத்துக்கொண்டு பொதுமக்களிடம் போனால் கேள்வி வரத்தான் செய்யும். அந்த ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் எடுத்த கருத்துக்கணிப்பில் நகரவாசிகளில் 60% பேர் இது தவறான யோசனை என்றார்கள்.

குளிர்பானத் தொழில் சும்மா இருக்கவில்லை. உணவு, குளிர்பான நிறுவனங்களின் பணத்தில் நடக்கும் ஓர் அமைப்பு, ஊரையே குழந்தையாக நடத்துகிறார் என்று கேலி செய்து, மேயரை ஆயா வேடத்தில் பிரம்மாண்டமாகக் காட்டி முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது. அமெரிக்கக் குளிர்பானச் சங்கம், உணவகச் சங்கம், கொரிய அமெரிக்க மளிகைக் கடைக்காரர்கள் என்று பலரும் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடும் என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் மாநிலக் கிளையும் நிறுவனங்களின் பக்கம் நின்று மனு கொடுத்தது. சிறு கடைக்காரர்கள்தான் நசுங்குவார்கள், பெரிய சங்கிலிக் கடைகள் தப்பித்துவிடும் என்பது அவர்கள் சொன்ன காரணம். அந்தக் காரணத்தில் உண்மை இருந்தது. ஓட்டையுள்ள விதி அப்படித்தான் செய்யும்.

நீதிமன்றம் எதைச் சொன்னது

விதி நடைமுறைக்கு வர வேண்டிய நாள் 2013 மார்ச் 12. முந்தைய நாள் நீதிபதி மில்டன் டிங்லிங் அதை நிறுத்தினார். ஜூலையில் மேல்முறையீட்டிலும் நகரம் தோற்றது. 2014 ஜூன் 26 அன்று மாநிலத்தின் உச்ச அமர்வு நாலுக்கு இரண்டு என்ற கணக்கில் அதையே உறுதி செய்தது.

இந்தத் தீர்ப்பைப் பலர் தனிமனித சுதந்திரத்தின் வெற்றி என்று எழுதினார்கள். தீர்ப்பு அப்படிச் சொல்லவில்லை. அரசுக்குக் கோப்பையின் அளவைக் கட்டுப்படுத்தும் அதிகாரமே கிடையாது என்று பெரும்பான்மைக்காக எழுதிய நீதிபதி யூஜின் பிகாட் சொல்லவில்லை. மேயர் நியமித்த வாரியம் அதைச் செய்ய முடியாது, உடல்நலம், வணிகம், மக்கள் விருப்பம் இவற்றுக்கு நடுவே எதை முன்னால் வைப்பது என்பது மக்கள் தேர்ந்தெடுத்த நகர மன்றத்தின் வேலை என்றுதான் சொன்னார். புகைபிடித்தல் தொடர்பான 1987ஆம் ஆண்டு வழக்கு ஒன்றில் இதே நீதிமன்றம் வகுத்த கோடு அது. மாறுபட்ட நீதிபதி சூசன் ரீட், சுகாதார வாரியத்துக்கு நீண்ட காலமாகவே விரிந்த அதிகாரம் உண்டு என்று வாதிட்டார்.

யார் விதி போடுவது என்பதில்தான் நகரம் தோற்றது. எனக்கு அதில் வருத்தமில்லை. உணவு மாதிரி வீட்டுக்குள் வரும் விஷயத்தில் கை வைப்பதானால் மன்றத்தில் வாதாடி, உறுப்பினர்களின் வாக்குகளைப் பெற்று, மக்களிடம் பதில் சொல்லும் இடத்தில் நின்று செய்ய வேண்டும். சுருக்கு வழியில் வந்த விதி, கோர்ட்டில் நின்றிருந்தாலும், மக்கள் மனதில் நின்றிருக்குமா என்பது சந்தேகம்.

ஆனால் இதே வாரியம் 2006இல் கொண்டுவந்த இன்னொரு விதியை யாரும் இன்று பேசுவதில்லை. உணவகங்களில் செயற்கை டிரான்ஸ் கொழுப்புக்குத் தடை, அதாவது எண்ணெயைக் கெட்டியாக்கும்போது உருவாகி இதயத்தைக் கெடுக்கும் கொழுப்புக்கு. அது 2007, 2008 இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தது. சமையலறையில் எண்ணெய் மாறியது, மேசையில் உட்கார்ந்தவருக்கு எதுவும் தெரியவில்லை. நியூயார்க் மாநிலத்தில் இந்தத் தடை இருந்த மாவட்டங்களையும் இல்லாத மாவட்டங்களையும் ஒப்பிட்டு 2017இல் வெளியான ஆய்வில், தடை வந்து மூன்று ஆண்டுகள் கழித்து மாரடைப்பு, பக்கவாதத்துக்கான மருத்துவமனைச் சேர்க்கை 6.2% கூடுதலாகக் குறைந்திருந்தது. யாரும் யாரையும் கல்லாவில் நிறுத்திக் கேள்வி கேட்கவில்லை.

ஒரே சொல், இரண்டு சட்டம்

அமெரிக்கச் சட்டங்களில் 'தனிமனிதப் பொறுப்பு' என்ற சொல் தலைப்பிலேயே வந்த இரண்டு சந்தர்ப்பங்களை இங்கே சொல்ல வேண்டும். இந்த நிகழ்வின் நடு நரம்பு இதுதான் என்று நினைக்கிறேன்.

முதலாவது 1996. அதிபர் பில் கிளின்டன் கையெழுத்திட்ட தனிமனிதப் பொறுப்பு மற்றும் வேலைவாய்ப்பு நல்லிணக்கச் சட்டம். ஏழைக் குடும்பங்களுக்கான பண உதவிக்கு வாழ்நாளில் ஐந்து ஆண்டு என்று வரம்பு போட்டது. பிள்ளைகளைக் காப்பாற்றும் கடமை இல்லாத, உடல் வலுவுள்ள பெரியவர்கள் வாரத்துக்கு இருபது மணி நேரம் வேலை செய்யாவிட்டால் மூன்று ஆண்டுகளில் மூன்று மாதம்தான் உணவு உதவி என்றது. இங்கே பொறுப்பு என்றால் கீழே இருப்பவர் நிறைவேற்ற வேண்டிய நிபந்தனை.

இரண்டாவது, 2004இலும் 2005இலும் பிரதிநிதிகள் சபை நிறைவேற்றிய உணவு நுகர்வில் தனிமனிதப் பொறுப்பு மசோதா. துரித உணவு சாப்பிட்டுத்தான் உடல் பெருத்தது என்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியைச் சேர்ந்த வளரிளம் பெண்கள் தொடுத்த வழக்கை 2003 ஜனவரியில் நீதிபதி ராபர்ட் ஸ்வீட் தள்ளுபடி செய்திருந்தார். இனிமேல் அப்படி யாரும் வழக்கே போட முடியாதபடி நிறுவனங்களுக்குக் கவசம் கொடுப்பதுதான் மசோதாவின் நோக்கம். செனட்டில் தேறவில்லை. ஆனால் அதே வகைச் சட்டத்தை இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் கொண்டுவந்துவிட்டன. இங்கே பொறுப்பு என்றால் மேலே இருப்பவருக்கு விடுதலை.

அந்த வழக்குகள் ஜெயித்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தினமும் என்ன தின்றோம் என்பதற்கு நிறுவனத்தை மட்டும் கைகாட்டுவது நியாயமாகப் படவில்லை. ஆனால் பொறுப்பு என்ற அதே வார்த்தை ஏழைக்கு விலங்காகவும் நிறுவனத்துக்குக் கவசமாகவும் ஆகும்போது, அதை ஒழுக்கத்தைப் பற்றிய பேச்சு என்று என்னால் ஏற்க முடியவில்லை. ஊருக்கு இளைத்தவன் யார் என்று பார்த்து வைக்கப்படும் பேச்சு அது.

அட்டைக்காரர்களின் கூடையில் உண்மையில் என்ன இருந்தது என்று வேளாண் துறை 2016இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பெரிய மளிகைச் சங்கிலிக் கடை ஒன்றின் 2011ஆம் ஆண்டு பில்களை வைத்து எடுத்த கணக்கு. உதவி பெறும் குடும்பங்கள் உணவுக்குச் செலவழித்ததில் குளிர்பானத்தின் பங்கு சுமார் 5%. உதவி பெறாத குடும்பங்களில் சுமார் 4%. செய்தித் தலைப்புகள் முதல் எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டன. இரண்டையும் சேர்த்துப் படித்தால் விஷயம் வேறு. இது ஏழைகளின் கெட்ட பழக்கம் அல்ல, ஒரு நாட்டின் பழக்கம்.

எது வேலை செய்தது

ஊக்கத்தொகைதான் எங்கள் வழி என்று 2011இல் வேளாண் துறை சொன்னது வெறும் சாக்கு இல்லை. அந்த ஆண்டு நவம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஹாம்ப்டன் மாவட்டத்தில் 7,500 குடும்பங்களைக் குலுக்கலில் எடுத்து ஒரு சோதனை தொடங்கினார்கள். அட்டையில் பழமோ காய்கறியோ வாங்கினால் ஒவ்வொரு டாலருக்கும் 30 சென்ட் திரும்ப அட்டைக்கே வரும். அந்தக் குடும்பங்களில் பெரியவர்கள் சாப்பிட்ட பழம், காய்கறியின் அளவு மற்றவர்களைவிட 26% கூடியிருந்தது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நாளொன்றுக்குக் கால் கப்தான் கூடுதல். பெரிய மாற்றம் என்று சொல்ல மாட்டேன். யாரையும் அவமானப்படுத்தாமல் கிடைத்த மாற்றம் என்பது அதன் மதிப்பு.

தடைக்கும் அதன் நியாயத்தைக் கொடுக்க வேண்டும். மினியாபொலிஸ், செயின்ட் பால் பகுதியில் 279 பேரை நான்கு குழுவாகப் பிரித்துச் செய்த சோதனை 2016இல் வெளிவந்தது. ஒரு குழுவுக்குப் பழம், காய்கறிக்கு 30% ஊக்கத்தொகை. இன்னொன்றுக்குக் குளிர்பானமும் மிட்டாயும் இனிப்புப் பேக்கரிப் பண்டமும் தடை. மூன்றாவதுக்கு இரண்டும். நான்காவதுக்கு ஒன்றுமில்லை. சாப்பாட்டின் தரம் மிகத் தெளிவாக உயர்ந்தது இரண்டும் சேர்ந்த குழுவில்தான். ஒரு கையால் எடுத்தால் மறு கையால் கொடு என்பது மாதிரி. அதனால் அட்டையில் தடை என்றாலே பாவம் என்று நான் சொல்லத் தயாராக இல்லை. கொடுக்காமல் எடுப்பதை மட்டும் செய்வதுதான் எனக்கு உறுத்துகிறது.

ஏழைத் தாய்மார்களுக்கும் சிறு குழந்தைகளுக்குமான விக் என்ற இன்னொரு உதவித் திட்டத்தில் எதை வாங்கலாம் என்று முதலிலிருந்தே பட்டியல் போட்டுத்தான் கொடுக்கிறார்கள். 2009இல் அந்தப் பட்டியலில் பழச்சாற்றைக் குறைத்து, பழம், காய்கறி, முழுத் தானியங்களைச் சேர்த்தார்கள். அத்திட்டத்தில் இருந்த இரண்டு முதல் நான்கு வயதுக் குழந்தைகளில் உடல் பருமன் 2010இல் 15.9%, 2014இல் 14.5%. பட்டியல் மட்டும்தான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் அங்கே யாரும் அவமானப்பட்டதாகப் பெரிய குரல் எழவில்லை. அது இருக்கும் பணத்திலிருந்து பறித்த பட்டியல் இல்லை, நல்லதைக் கையில் கொடுத்த பட்டியல்.

இதற்கெல்லாம் மேலே, பிரிட்டன் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. 2016 மார்ச்சில் அறிவித்து, 2018 ஏப்ரலில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். 100 மில்லியில் 5 கிராமோ அதற்கு மேலோ சர்க்கரை இருந்தால் அப்போது லிட்டருக்கு 18 பென்ஸ், 8 கிராமோ அதற்கு மேலோ இருந்தால் 24 பென்ஸ் தீர்வை. தயாரிப்பவரும் இறக்குமதி செய்பவரும்தான் கட்ட வேண்டும். இரண்டு ஆண்டு அவகாசம் கொடுத்ததுதான் சூட்சுமம். பல நிறுவனங்கள் தீர்வை கட்டுவதைவிடச் சர்க்கரையைக் குறைப்பது லாபம் என்று கண்டு, நாள் வருவதற்கு முன்பே செய்முறையை மாற்றிக்கொண்டன. தீர்வைக்கு உட்பட்ட பானங்களின் சராசரி சர்க்கரை 2015க்கும் 2019க்கும் இடையில் 40 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. கடைக்குப் போனவர் வழக்கமான பாட்டிலை எடுத்தார், வழக்கம்போலக் குடித்தார். பணக்காரர், ஏழை என்ற பேச்சே வரவில்லை.

வாங்குபவர் விலையில் உணரும் வரி வேறு மாதிரி. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம் 2017இல் குளிர்பானத்துக்கு அவுன்ஸுக்கு ஒன்றரை சென்ட் வரி போட்டது. பெரிய கடைகளில் விற்பனை 51% விழுந்தது. அதில் ஒரு பகுதி எல்லை தாண்டி அக்கம்பக்கத்து ஊர்களுக்குப் போய்விட்டதால் நிகரக் குறைவு 38%. அதுவும் சின்ன எண் இல்லை. ஆனால் கார் வைத்திருப்பவர் எல்லை தாண்டுவார், இல்லாதவர் வரியைக் கட்டுவார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அட்டை திரும்பி வந்தது

2025 மே மாதம் வேளாண் துறைச் செயலர் புரூக் ராலின்ஸ் நெப்ராஸ்கா மாநிலத்துக்கு அனுமதி கொடுத்தார். குளிர்பானத்தையும் எனர்ஜி பானத்தையும் அட்டையில் வாங்க முடியாது. அமெரிக்காவில் இப்படி ஓர் அனுமதி கிடைத்தது அதுதான் முதல் தடவை. அயோவா, இண்டியானா என்று அடுத்தடுத்து மாநிலங்கள் வந்தன. 2026 ஜனவரி 1 முதல் சிலவற்றில் தடை தொடங்கும்படி ஏற்பாடு. 2011இல் அளக்க முடியாது, கடைக்காரர்களுக்குச் சுமை என்று சொல்லி மறுத்த அதே துறை இது. இடையில் இயந்திரங்கள் மேம்பட்டிருக்கலாம். ஆனால் எது உணவு, எது இல்லை என்று கோடு கிழிப்பதில் உள்ள சிக்கல் அப்படியே இருக்கிறது.

அயோவாவை எடுத்துக்கொள்ளுங்கள். விற்பனை வரி விழும் உணவுப் பொருட்களை எல்லாம் விலக்குவது என்று முடிவு செய்தார்கள். வரிச் சட்டப்படி மிட்டாய்க்கு வரி உண்டு. ஆனால் மாவு கலந்திருந்தால் அது மிட்டாய் இல்லை. அதனால் ஸ்னிக்கர்ஸ் என்ற சாக்லேட்டை வாங்கக் கூடாது, உள்ளே பிஸ்கட் வைத்த ட்விக்ஸ் சாக்லேட்டை வாங்கலாம். என்றோ வரி வசூலுக்காக எழுதப்பட்ட வரையறை இது, குழந்தையின் உடல்நலத்தை நினைத்து யாரும் எழுதவில்லை. பில் போடும் இடத்தில் "இது ஏன் செல்லலே, அது ஏன் செல்லுது?" என்று ஒரு தாய் கேட்டால், பில் போடுபவரால் அவருக்கு என்ன விளக்கம் சொல்ல முடியும்?

அதே 2025 ஜூலையில் கையெழுத்தான பெரிய பட்ஜெட் சட்டம், உணவு உதவிக்கான வேலை நிபந்தனையை 64 வயது வரை நீட்டியது. கூடவே, உதவி பெறும் குடும்பங்களுக்குச் சத்தான சமையலையும் சிக்கனமாக வாங்குவதையும் சொல்லிக்கொடுத்து வந்த கல்வித் திட்டத்துக்கான பணத்தையும் செப்டம்பரோடு நிறுத்தியது. பொறுப்பாகச் சாப்பிடு என்று சொல்லிக்கொண்டே, அதைச் சொல்லிக்கொடுத்த கையை எடுத்துவிட்டார்கள். பெயரில் இருந்த 'ஊட்டச்சத்து' என்ற சொல்லை நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். அந்தச் சொல்லைக் காட்டித்தான் தடையைக் கேட்டார்கள். அந்தச் சொல்லுக்கு உண்மையாக இருந்த வேலையைத்தான் முதலில் நிறுத்தினார்கள்.

தடை போட்ட மாநிலங்கள் பலனை அளந்து அறிக்கை தர வேண்டும் என்பது அனுமதியோடு சேர்ந்த நிபந்தனை. வரப்போகும் அறிக்கைகளில் அட்டையில் குளிர்பானம் வாங்குவது நின்றுவிட்டது என்ற வரி கட்டாயம் இருக்கும். இயந்திரம் ஏற்காதபோது நிற்கத்தானே செய்யும். நான் தேடப்போவது வேறு. உதவித்தொகை சராசரியாக ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஆறு டாலர் சொச்சம். மாதம் முழுக்க அது போதாமல் பெரும்பாலான குடும்பங்கள் சொந்தக் காசும் போட்டுத்தான் உணவு வாங்குகின்றன. குளிர்பானத்தைக் காசுக்கும் அரிசியை அட்டைக்கும் மாற்றிக்கொள்ள ஒரு நிமிடம் போதும். ஆகவே வீட்டுக்குள் போன பாட்டில்கள் குறைந்தனவா, குழந்தை குடித்தது குறைந்ததா, தடைக்குப் பயந்து திட்டத்தை விட்டே விலகியவர்கள் எத்தனை பேர், அட்டையை ஏற்பதையே நிறுத்திய சின்னக் கடைகள் எத்தனை என்ற நான்கு எண்களையும் அந்த அறிக்கைகளில் பார்க்க வேண்டும். அப்புறம் ஐந்தாவதாக ஒன்றும் வேண்டும். அதே மாநிலங்களில், அதே ஆண்டில், அதே பானத்தில் சர்க்கரை எத்தனை கிராம் குறைந்தது என்பது.